சாந்தமேரி கொடுத்த போத்தல்

ஊர் எல்லையில் இருந்த காசநோய் வார்டில் ஆயா வேலை பார்த்த சாந்தமேரிக்கு நோயாளிகள் வைத்த பெயர் போலீஸ்காரி. வைத்ததில் தப்பில்லை. காலையில் யாரும் வாய் கொப்பளிப்பதற்கு முன்னால், மூடி போட்ட சின்னப் போத்தலோடு கட்டிலருகே வந்து நிற்பாள். “என் கண் முன்னால துப்புங்க” என்பாள். கூச்சப்பட்டு ஒருவன் முதுகைத் திருப்பினால், கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே நிற்பாள். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியாக இருந்தாலும் சரி, நேற்றுக் கப்பலில் இறங்கியவனாக இருந்தாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான். போத்தலை வைத்துவிட்டுப் போ, அப்புறம் தருகிறேன் என்று எவனாவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

மற்ற ஆயாக்கள் சிரிப்பார்கள். சளி என்ன தங்கமா, அதில் என்ன கள்ளத்தனம் செய்துவிட முடியும் என்று கேட்பார்கள். செய்ய முடியும். அவளுக்கே செய்திருந்தார்கள். செய்தவன் வழிப்போக்கனும் இல்லை, தாலி கட்டியவன்.

சாந்தமேரி பிறந்தது காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கிளாரன்ஸ்தான் முன்னால் நின்று அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தான். மாப்பிள்ளை ஸ்டானிஸ்லாஸ். பிரிக்பீல்ட்ஸ் ரயில் இஞ்சின் ஷெட்டில் வேலை. ஓடிக் களைத்து வந்து நிற்கிற இஞ்சினின் வயிற்றுக்குள் தலையை விட்டு, உள்ளே அடைந்து கிடக்கும் கரியையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளுவது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நின்று பாடினால், முன் வரிசையில் இருக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று ரயில்வே கோட்டர்ஸ் வரிசை முழுக்கப் பெயர் எடுத்திருந்தான். அப்படிப் பெயர் எடுத்த ஆண்பிள்ளைகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை அந்த வயதில் யார் அவளுக்குச் சொல்லப் போகிறார்கள்?

ஷெட்டு ஆட்கள் எல்லாரும் இருமுவார்கள். துப்பினால் கறுப்பாக வரும். அதற்குக் கரி இருமல் என்று ஒரு பெயரையும் வைத்து, வேலையோடு சேர்ந்து வந்த சொத்து மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெளியே வந்துவிட்டால் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று ஒரு நம்பிக்கை வேறு. ஸ்டானிஸ்லாஸின் கைக்குட்டைகளைச் சாந்தமேரி வெந்நீரில் ஊறவைத்துக் கும்மினால் வாளித் தண்ணீர் மை கரைத்தது போல் ஆகும். அவளும் அதைப் பார்த்து, கரி போகிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

வெகுகாலம் காத்திருந்து, வேண்டாத நேர்ச்சையெல்லாம் வேண்டிப் பிறந்தவள் சூசன். அவள் என்றால் ஸ்டானிஸ்லாஸுக்கு உயிர், அதில் பொய் இல்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மகளை மடியில் இருத்திக்கொள்வான். மீன் துண்டைத் தன் வாயில் போட்டு மென்று, நாக்கால் முள்ளைத் துழாவி எடுத்துவிட்டு, மிச்சத்தை மகள் வாயில் வைப்பான். முள் குத்தாமல் பிள்ளைக்கு மீன் ஊட்டுகிற அப்பா என்று அக்கம்பக்கத்தில் அதற்கும் ஒரு பாராட்டு.

பக்கத்து வீட்டில் நல்லம்மாள். அவள் புருஷன் தம்புசாமி தண்டவாளத்து வேலையாள். பிள்ளை இல்லாத வீடு. சாந்தமேரி காலையில் துரை வீட்டுக்கு இஸ்திரி போடப் போகும்போது சூசனை அங்கே விட்டுவிட்டுப் போவாள். சூசனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்ததே நல்லம்மாள்தான். நல்லம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஈளை. மழை இறங்கினால் மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். காய்ந்த ஊமத்தை இலையைத் தணலில் போட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அந்தப் புகையை உள்ளே இழுப்பாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்கிவிடும். எழுந்து சோறு வடிக்கப் போவாள்.

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன காலம் அது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைக்கப் போகிறார்கள், இருமுகிறவன்தான் முதலில் போவான் என்று ஷெட்டில் பேச்சு கிளம்பியது. ஸ்டானிஸ்லாஸின் இருமல் அதற்குள் வேறு தினுசாக மாறியிருந்தது. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. பார்த்துக்கொண்டே இருந்த மேஸ்திரி ஒருநாள் அவனை ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னார்.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், குழலை வைத்துக் கேட்டார். ஷெட்டு ஆட்கள் நெஞ்சில் குழல் வைத்தால் எல்லாருக்கும் ஒரே கரகரப்புதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் காசமா இல்லையா என்று தெரியும் என்றார். கையில் ஒரு போத்தலைக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளிக்காமல், நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அப்போதெல்லாம் போத்தலை வீட்டுக்குத்தான் கொடுத்து அனுப்புவார்கள்.

அந்தப் போத்தலைக் கொண்டுவந்து அவன் சாந்தமேரியின் முன்னால் வைத்தான்.

“வீட்டு ஆளுங்க சளியையும் டாக்டர் கேக்குறார் மேரி. என்னோடத அங்கேயே குடுத்துட்டேன். இது உனக்கு.”

புருஷன் கேட்டால் நெஞ்சையே அறுத்துக் கொடுத்திருப்பாள், சளியா பெரிது? அப்போது அவளுக்கு ஜலதோஷம் வேறு பிடித்திருந்தது. மறுநாள் எழுந்து, சிலுவை வரைந்துகொண்டு, சொன்னபடியே வாய் கொப்பளிக்காமல் இருமி எடுத்தாள். போத்தலின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, பார்க்க அசிங்கமாக இருக்கக் கூடாதென்று ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

பதில் வந்த அன்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தான், இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, வெறும் கரி இருமல்தானாம் என்று. சாந்தமேரி கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுவத்தி ஏற்றினாள். நல்லம்மாள் கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து ஸ்டானிஸ்லாஸிடம் ஒரு புதுப் பழக்கம். தன் கைக்குட்டையைத் தானே துவைத்துக்கொள்ள ஆரம்பித்தான். உனக்கு வேலை ஜாஸ்தி மேரி, இதையாவது நான் செய்கிறேன் என்றான். சாந்தமேரி அதைக் குழாயடியில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். எந்தப் பெண்தான் பெருமைப்பட மாட்டாள்?

அடுத்த மழைக்காலத்தில் சூசன் வாடத் தொடங்கினாள். விளையாட்டில் நாட்டமில்லை. அந்தி நேரத்துக் காய்ச்சல் வந்து வந்து போனது. கழுத்தில் புளியங்கொட்டை மாதிரி கட்டிகள் தட்டுப்பட்டன. கண்ணேறு என்றார்கள், பூச்சி என்றார்கள். அதற்கெல்லாம் பார்த்துவிட்டு, தீராமல்தான் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளைகள் சளியைத் துப்பாது, விழுங்கிவிடும், அதனால் போத்தல் உதவாது என்று டாக்டர் கையில் லேசாகக் கீறி மருந்து தடவி அனுப்பினார். மறுபடி போனபோது கீறிய இடம் சிவந்து தடித்திருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்த வயசுப் பிள்ளை வெளிய போய் காசத்தை வாங்கிட்டு வராதும்மா. பக்கத்துல இருந்து இருமுற பெரியவங்க யாரோதான் குடுத்திருக்காங்க. யார் அது?”

சாந்தமேரி தயங்காமல் சொன்னாள், தானும் புருஷனும் இங்கேயே பரிசோதனை செய்தாயிற்று, இரண்டு பேரும் சுத்தம் என்று. அப்படியானால் வேறு யார்? கேள்வி அவள் முன்னால் நின்றது. பகலெல்லாம் பிள்ளையை மடியில் வைத்திருப்பது யார், இருமுவது யார், இழுப்பது யார் என்று யோசித்த மாத்திரத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்று வாய் சொல்லிவிட்டது. டாக்டர் அவசரப்படவில்லை. ஈளை வேறு, காசம் வேறு, ஈளை ஒட்டாது, இரண்டையும் கேட்டுப் பார்த்தால்தான் பிரிக்க முடியும், அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பிள்ளைக்குப் பால், முட்டை, மீனெண்ணெய், காலை வெயில், ஓய்வு, இவ்வளவுதான் இப்போதைக்கு மருந்து என்றும் சொன்னார்.

கூட்டிக்கொண்டு போயிருந்தால் கதையே வேறு. நல்லம்மாள் நெஞ்சில் குழலை வைத்த நிமிஷமே அது ஈளை என்று தெரிந்திருக்கும். டாக்டரின் கேள்வி சுற்றிக்கொண்டு மறுபடி சாந்தமேரியின் வீட்டு வாசலுக்கே வந்திருக்கும். அது ஸ்டானிஸ்லாஸுக்கு நன்றாகத் தெரியும்.

“பாவம், அவங்களை ஆசுபத்திரி வரைக்கும் இழுத்து அசிங்கப்படுத்தணுமா மேரி? தெரியாம செஞ்சிருப்பாங்க. பிள்ளையை அங்க விடாம இருந்தா போதும்” என்றான்.

எவ்வளவு பெரிய மனசு என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெரிய மனசு அவளுக்கு இல்லை. தாய்க்கு எப்படி வரும்? மறுநாள் காலை நல்லம்மாள் வீட்டிலிருந்த சூசனின் தட்டு, தம்ளர், சின்னப் பாய் எல்லாவற்றையும் வாரி எடுத்துவந்து வரிசை முழுக்கப் பார்க்கச் சாக்கடையில் போட்டாள். சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னாள். பிள்ளை இல்லாதவளின் மடி என்றுகூட ஒரு வார்த்தை வந்தது.

“எனக்கு ஈளைடி மேரி. சின்னதுலேர்ந்து இருக்கு. இது யாருக்கும் ஒட்டாது” என்று மட்டும் நல்லம்மாள் சொன்னாள்.

ஸ்டானிஸ்லாஸ் தோளில் துண்டோடு கதவருகே நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்திருக்கலாம். வரவில்லை. அன்றிலிருந்து குழாயடியில் நல்லம்மாளின் வாளி கடைசியில்தான் நின்றது. அவள் தொட்ட குழாயைக் கழுவிவிட்டுப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் தம்புசாமி மனைவியைக் கூட்டிக்கொண்டு சாலாக் செலாத்தானில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிபோய்விட்டான்.

இனிப் பகலில் பிள்ளையை யார் பார்ப்பது? ஸ்டானிஸ்லாஸ் ராத்திரி ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டான். சாந்தமேரி இஸ்திரிக்குப் போகிற நேரமெல்லாம் சூசன் அப்பாவின் நெஞ்சில் தலை வைத்துத்தான் தூங்கினாள். தனக்கு ஒன்றும் இல்லை, உலைச் சூட்டில் இருமலோடு ரத்தம் வருகிறது, அவ்வளவுதான் என்று அவன் தனக்குத் தானே சொல்லி நம்பவும் வைத்திருந்தான். ஊரை ஏமாற்றப் பழகியவனுக்குத் தன்னை ஏமாற்றுவதா கஷ்டம்? சாந்தமேரி முட்டை வாங்கினாள், பால் வாங்கினாள், வெயிலில் பாய் விரித்தாள். அவன் மீனில் முள் எடுத்துக் கொடுத்தான்.

சூசன் தேறவில்லை. ஒரு நாள் வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்று அழுதாள். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தை வளைக்க முடியவில்லை. ஆசுபத்திரியில் படுக்க வைத்தார்கள். நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவர் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. வார்டில் மற்றப் பிள்ளைகளும் இருப்பதால், கூட இருக்கிற தாயின் சளியையும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

போத்தலோடு வந்தவர் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் ராதாகிருஷ்ணன். சளியைக் கண்ணாடியில் பார்க்கிறவரும் அவர்தான். கலகலப்பான மனுஷர். சாந்தமேரி அவரிடம், தான் முன்னாலேயே கொடுத்தாயிற்று, வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து தந்தார் என்று சொன்னாள்.

“ஷெட்டு ஸ்டானிஸ்லாஸ்தானே? அவர் ஒரு போத்தல்தாம்மா கொண்டாந்தார், அவர் பேர்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஷெட்டு ஆளுங்க சளியில கரி இல்லாம நான் பார்த்ததே இல்ல. இவரோடது மட்டும் பால் மாதிரி இருந்துச்சு. நீங்க ஷெட்டுல வேலை செய்றீங்களா, பால் விக்கிறீங்களான்னு கேலிகூடப் பண்ணினேன்.”

அந்தக் கேலி ஞாபகம் வந்து இன்னொரு முறையும் சிரித்தார். கேலி பண்ணத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஓர் அடி யோசிக்கத் தோன்றவில்லை. சாந்தமேரியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது.

அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மை கரைத்தது போன்ற வாளித் தண்ணீர் கண் முன்னால் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, துடைத்துத் துடைத்துக் கொடுத்த போத்தல் வந்தது. தானே துவைத்துக்கொண்ட கைக்குட்டை வந்தது. அவன் துவைத்தது கறுப்பை அல்ல, ரத்தத்தை என்பது இப்போது விளங்கியது. அவளுடைய சுத்தமான நெஞ்சை எடுத்து அவன் தன் பெயரில் காட்டியிருக்கிறான். அந்தப் பொய்யை உண்மை என்று எண்ணி அவளே டாக்டரிடம் சாட்சி சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை நம்பித்தான் நல்லம்மாளின் வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். கத்தி முடித்து, பிள்ளையைத் தூக்கி அவன் கையிலேயே கொடுத்திருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பது இதுதான். இதற்கு வேறு பெயர் கிடையாது.

சாயங்காலம் அவன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். வார்டு வாசலிலேயே எழுந்து போய் மறித்தாள்.

“டாக்டர்கிட்ட போங்க. இந்தத் தடவை உங்க சளியைக் குடுங்க.”

என்ன சொல்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததே போதுமானதாக இருந்தது. பழப் பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். சூசன் அதன் பிறகு கண் திறக்கவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்தது. ஸ்டானிஸ்லாஸுக்கு நோய் முற்றியிருந்ததால் காசநோய் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கிளாரன்ஸ் லோரியோடு வந்து தங்கையைக் கிள்ளானுக்குக் கூப்பிட்டான். சாமான்களை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் சாலாக் செலாத்தானுக்கு நடந்தாள்.

நல்லம்மாள் வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். மழைக் குளிரில் நெஞ்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. சாந்தமேரியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு கீரைத் தட்டை நகர்த்தி இடம் விட்டாள்.

“சூசன் எப்படி இருக்கா? மீனெண்ணெய் குடிக்க அவ அடம் பிடிச்சது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே. கொஞ்சம் வெல்லம் வச்சுக் குடு.”

சாந்தமேரி படியில் உட்கார்ந்து நெற்றியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். நல்லம்மாளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அணைத்துக்கொள்ளவும் இல்லை, எழுந்து போ என்று சொல்லவும் இல்லை.

“அவளைத் தூக்கி வச்சிருக்கும்போது இருமல் வந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் இருமுவேன் மேரி. ஒரு நாள்கூட மறந்ததில்ல” என்றாள்.

அழுகையில் நல்லம்மாளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. சாந்தமேரி உள்ளே போய் அடுப்புத் தணலை எடுத்துவந்தாள். ஊமத்தை இலை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், எந்த வீட்டுக்குப் போனாலும் நல்லம்மாள் அதை உப்புச் சட்டிக்குப் பின்னால்தான் வைப்பாள். புகையைப் போட்டு, முந்தானையை அவள் தலைமேல் இழுத்து மூடி, மூச்சு இறங்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தாள்.

காசநோய் வார்டில் ஆயா வேலைக்கு அவ்வளவாக யாரும் வர மாட்டார்கள். பயம். அதனால் கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள். புருஷனுக்குச் சேவை செய்ய வந்த பத்தினி என்று சிலர் மெச்சிக்கொண்டார்கள். சாந்தமேரி திருத்தவில்லை. முதல் நாள் காலை போத்தல்கள் அடுக்கிய மரப்பெட்டியை அவள் கையில் கொடுத்தார்கள். கட்டிலுக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்தால் போதும், அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் வைத்துவிட்டு வரவில்லை. ஸ்டானிஸ்லாஸின் கட்டிலருகே போய் நின்றாள். சூசன் போன பிறகு அவனிடம் அவள் ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

“என் கண் முன்னால துப்புங்க.”

அந்த வார்டில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவன் போத்தலை வாங்கினான். முதுகைத் திருப்பப் பார்த்தான். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். இருமி இருமித் துப்பினான். கறுப்பும் சிவப்புமாக வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள். அவன் போத்தலிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சொல்லணும்னுதான் இருந்தேன் மேரி. சொன்னா நீ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கிள்ளானுக்குப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

“போயிருப்பேன்” என்றாள் சாந்தமேரி. “பிள்ளை இருந்திருக்கும்.”

அவன் கையிலிருந்து போத்தலை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.